புதிய மீன்தொட்டி எப்போது பக்குவமடைகிறது?

கண்ணாடித் தொட்டியொன்றை வாங்கி, மணல் பரப்பி, நீர் நிரப்பி, இரண்டு மூன்று மீன்களை விட்டு ஒரு வாரம் சென்றதும் தொட்டிக்கு உடையவர் மனத்தில் எழும் முதற் கேள்வி, இன்னும் எத்தனை மீன்களை விடலாம் என்பதாகும். நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கிறது. விட்ட மீன்கள் சுறுசுறுப்பாக நீந்துகின்றன. ஆகவே தடையேதுமில்லை என்று கருதிப் பத்துப் பன்னிரண்டு மீன்களை ஒரே நாளில் வாங்கி வந்து விட்டுவிடுகின்றனர். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ அவை நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக மடிகின்றன. நோயுற்ற மீனைக் கொடுத்துவிட்டதாகக் கடைக்காரர்மீது பழி சுமத்தப்படுகிறது. அப்பழி பெரும்பாலும் பொருந்துவதன்று. மீன் நல்ல மீனே, தொட்டிதான் பக்குவமடையவில்லை.

இந்த இழப்பைச் சிறிய விஷயமென்று தள்ளிவிடுவதற்கில்லை. அலங்கார மீன்களுள் வேட்கை மிகுந்தவை சில, இன்றும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளிலிருந்து பிடிக்கப்படுபவை. 'மிஸ் கேரளா' என்று வாணிபத்தில் பெயர் பெற்றதும், கேரள மக்கள் செங்கணியான் என்று அழைப்பதுமான மீன் இதற்குச் சிறந்த உதாரணம். கொச்சியில் மருத்துவ அதிகாரியாகப் பணியாற்றி, மலையாளக் கரையின் மீன்களைப்பற்றி நூல் எழுதிய பிரான்சிஸ் டே என்பவர் 1865-ஆம் ஆண்டில் இதனை முதன்முதலாக விவரித்தார். அக்காலத்துச் சென்னை கவர்னர் சர் வில்லியம் டெனிசனின் பெயரை இதற்கு இட்டார். சிவந்த கோடும் கரிய கோடும் உடலில் ஓடும் இவ்வழகிய மீன், உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் அழியும் ஆபத்திலுள்ள இனமாகக் குறிக்கப்பட்டுள்ளது. 2008-ஆம் ஆண்டில் கேரள மீன்வளத்துறை இதனைப் பிடிப்பதற்குக் கட்டுப்பாடுகளை விதித்தது. எர்ணாகுளத்தை அடுத்த பனங்காட்டு மீன்வளக் கல்லூரியில் இதனைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்விப்பதில் வெற்றி கண்டனர். எனினும் பக்குவமடையாத தொட்டியில் மடியும் ஒவ்வொரு மீனுக்கும் ஈடாக இன்னொரு மீன் வாங்கப்படுகிறது. அது பண்ணையிலிருந்து வந்ததா, ஓடையிலிருந்து வந்ததா என்பதை வாங்குவோர் அறிவதில்லை.

நீரில் நிகழ்வது என்ன?

மீன் உண்ணும் தீனியில் உள்ள புரதம் செரித்தபின் எஞ்சும் நைட்ரஜனில் பெரும்பகுதி, செவுள்கள் வழியாக அம்மோனியாவாக நீரில் கலக்கிறது. தின்னாது விடப்பட்ட தீனியும், கழிவும், அழுகும் இலையும் இதனுடன் சேர்கின்றன. ஆற்றிலும் குளத்திலும் இது பெருநீரில் கரைந்து போகும். நூறு லிட்டர் கொண்ட தொட்டியில் அது போகுமிடமில்லை.

இதனை அகற்றும் வேலையைச் செய்பவை கண்ணுக்குத் தெரியாத இரு வகை நுண்ணுயிர்கள். முதல் வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரோசோமோனாஸ் என்பது இவ்வகையைச் சார்ந்தது. இரண்டாம் வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இவ்விரண்டாம் பணியைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றே பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் கூறிவந்தன. நன்னீர்த் தொட்டிகளில் அப்பணியைப் பெரிதும் ஆற்றுவது நைட்ரோஸ்பைரா என்னும் வேறோர் இனம் என்பது 1990-களின் இறுதியில்தான் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களால் தெளிவாயிற்று. இரு வேலைகளையும் தனியாகவே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா இனங்களும் உண்டு என்பது 2015-இல் வெளியாயிற்று. அவற்றுள் சில, மீன் வளர்ப்புக் கூடமொன்றின் வடிகட்டியிலிருந்தே கிடைத்தவை.

அம்மோனியா மீனின் செவுளையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கும். நைட்ரைட் இரத்தத்திற் புகுந்து, அதன் செந்நிறப் பொருளைப் பிராணவாயுவைச் சுமக்க இயலாததாக்கிவிடும். இரத்தம் பழுப்பு நிறமடையும். நீரில் பிராணவாயு போதிய அளவு இருக்கும்போதே மீன் மூச்சுத் திணறி மேலே வருவதற்கு இதுவே காரணம். நைட்ரேட்டோ, மிகுதியானாலன்றித் தீங்கு செய்வதில்லை. வாரந்தோறும் சிறிது நீரை மாற்றுவதால் அது குறைந்துவிடும்.

இந்நுண்ணுயிர்கள் புதிய தொட்டியில் மிகச் சொற்பமாகவே உள்ளன. இவற்றின் பெருக்கமும் மெதுவானது. சாதாரணக் குடல் பாக்டீரியா தக்க சூழ்நிலையில் இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். இவை இரட்டிக்க, நல்ல நிலையிலும் அரை நாளோ ஒரு நாளோ தேவைப்படும். மேலும் இவை நீரில் மிதந்து திரிவன அல்ல. மணலிலும், கல்லிலும், வடிகட்டியின் பஞ்சிலும் பற்றிக்கொண்டு வாழ்வன. பழைய தொட்டியின் நீரை ஒரு வாளி கொண்டுவந்து ஊற்றினால் புதிய தொட்டி பக்குவமாகிவிடும் என்ற நம்பிக்கை இதனாற்றான் பயனற்றதாகிறது. அதே தொட்டியின் பஞ்சில் ஒரு துண்டைக் கொண்டுவந்தால் பயனுண்டு.

தந்தையும் மகனும்

இவ்விஷயத்தின் வரலாறு பள்ளியாசிரியர்களுக்கு ஒரு நல்ல பாடமாக அமையும். இலண்டன் நகரத்து இரசாயன நிபுணர் ராபர்ட் வாரிங்டன் என்பவர், இரண்டு பொன்மீன்களையும் நீர்ச்செடியையும் நத்தைகளையும் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் நீர் மாற்றாமல் வளர்த்து, அதன் விவரத்தை 1850-ஆம் ஆண்டில் இரசாயனச் சங்கத்துக்கு அறிவித்தார். செடி பிராணவாயுவைத் தருகிறது, நத்தை அழுகும் இலையைத் தின்கிறது, ஆகவே தொட்டி சமநிலையில் நிற்கிறது என்பது அவர் கொண்ட விளக்கம். அது உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று. மணலில் இருந்த மூன்றாவது கூட்டாளியை அக்காலத்தில் எவரும் அறிந்திலர்.

1877-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டில் ஷ்லோசிங், மியூன்ஸ் என்னும் இருவர், மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய குழாயொன்றின் வழியாகச் சாக்கடை நீரை மெதுவாகச் செலுத்தினர். முதல் இருபது நாள் வரையில் அம்மோனியா மாறாமல் வெளிவந்தது. பின்னர் நைட்ரேட் தோன்றத் தொடங்கியது. குளோரோபாரம் ஆவியைச் செலுத்தியதும் அது நின்றுபோயிற்று; சிறிது மண்ணைக் கரைத்த நீரை ஊற்றியதும் மீண்டும் தொடங்கியது. இம்மாற்றம் வெறும் இரசாயனச் செயல் அன்று, உயிர்களின் செயல் என்று அவர்கள் முடிவு செய்தனர். புதிய தொட்டிக்கு உடையவர் வாரக்கணக்கிற் காத்திருப்பதும், பழைய தொட்டியின் பஞ்சைக் கொண்டுவந்து இடுவதும் இச்சோதனையின் மறுபதிப்பே எனலாம்.

இச்செய்தியைக் கேட்டு இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் இதனைத் தொடர்ந்து ஆராய்ந்து, வேலை இரண்டு படிகளாக இரு வேறு உயிர்களால் நடைபெறுகிறது என்று காட்டியவரின் பெயரும் ராபர்ட் வாரிங்டன். முன் சொன்ன வாரிங்டனின் மகன்! தந்தையின் தொட்டியில் மறைந்திருந்ததை மகன் மண்ணிற் கண்டார். அவ்வுயிர்களைத் தனிமைப்படுத்தி வளர்க்கும் பெருமை மட்டும் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கிக்கு 1890-இல் கிட்டியது.

பொய்யான அறிகுறிகள்

தெளிந்த நீர் பக்குவத்துக்கு அறிகுறியன்று. அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறமில்லை. முதல் வாரத்தில் நீர் பால் கலந்தாற்போல் வெளிறிப் பின்னர் தெளிவதைக் கண்டு, சுழற்சி முடிந்துவிட்டதென்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்மை, அழுகும் பொருளை உண்டு விரைவாகப் பெருகும் வேறு பாக்டீரியாக்களால் ஆவது. நாட்களை எண்ணுவதும் போதாது. கொச்சியைப்போல் நீரின் உஷ்ணநிலை ஆண்டு முழுவதும் 26 முதல் 30 டிகிரி வரை நிலவும் இடங்களில் மூன்று முதல் ஆறு வாரத்தில் தொட்டி பக்குவமடைவது வழக்கம். ஆனால் மூன்று வாரத்துக்கும் ஆறு வாரத்துக்கும் இடையேதான் மீன்கள் மடிகின்றன. கண்ணாடியிலும் கல்லிலும் பழுப்பான பாசி படிவது சற்று நம்பத்தக்க குறி. எனினும் அது துணைச் சான்றேயொழிய முதற் சான்றாகாது. முதலில் விட்ட இரு மீன்கள் உயிரோடிருப்பது, இரண்டு மீன்களுக்குப் போதுமான நுண்ணுயிர்கள் உள்ளன என்பதை மட்டுமே காட்டும்.

மெய்யான சோதனை

தொட்டியைக் கேட்டறிய ஒரே வழி, அதற்கு அளந்த அம்மோனியாவைக் கொடுத்து, அதனை எவ்வளவு நேரத்தில் அகற்றுகிறது என்று பார்ப்பதுதான். பள்ளி ஆய்வுக்கூடங்களில் உள்ள தூய அம்மோனியம் குளோரைடு, அதாவது நவச்சாரம், இதற்கு ஏற்றது. கடைகளில் ஈயம் பூசுவோருக்கென விற்கப்படும் நவச்சாரம் தூய்மையற்றது, அதனை இடலாகாது. 100 லிட்டர் நீருக்கு 0.38 கிராம் இட்டால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் கிடைக்கும். மீன் இல்லாத தொட்டியில் இதனைக் கரைத்து, காற்றுக் குழாயையும் வடிகட்டியையும் இடைவிடாது இயக்கி, நாள்தோறும் சோதனைத் திரவங்களால் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளந்து குறிப்பேட்டில் எழுதி வர வேண்டும். முதலில் அம்மோனியா அசையாது நிற்கும். பின்னர் அது இறங்க, நைட்ரைட் ஏறும். அதன்பின் நைட்ரைட்டும் இறங்கி, நைட்ரேட் தோன்றும். அம்மோனியா தீர்ந்த போதெல்லாம் அதே அளவை மீண்டும் இடலாம். இட்ட 1 மில்லிகிராம் முழுவதும் 24 மணி நேரத்துக்குள் மறைந்து, நைட்ரைட்டும் இல்லையென்று இரண்டு மூன்று முறை தொடர்ந்து காணப்படுமானால், தொட்டி பக்குவமடைந்துவிட்டது.

இந்த அளவு எத்தனை மீனுக்கு ஈடாகும்? 35 சதவீதம் புரதமுள்ள தீனி ஒரு கிராம், சுமார் 30 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனைத் தருவதாகக் கொள்ளலாம். இரண்டு கிராம் எடையுள்ள இருபது மீன்களின் மொத்த எடை 40 கிராம். எடையில் 3 சதவீதம் வீதம் நாளொன்றுக்கு அவற்றின் தீனி 1.2 கிராம். அதிலிருந்து எழுவது 36 மில்லிகிராம்; 100 லிட்டரில் லிட்டருக்கு 0.36 மில்லிகிராம். ஆகவே 1 மில்லிகிராம் சோதனையில் தேறிய தொட்டி, இருபது சிறு மீன்களைத் தாங்கும் வலிமைக்கு மேலாகவே பெற்றுள்ளது. சிலர் நான்கு, ஐந்து மில்லிகிராம் வரை இட்டுச் சோதிக்கின்றனர். அதனால் ஆதாயமொன்றுமில்லை, மிகுந்த அம்மோனியா இரண்டாம் படி நுண்ணுயிர்களின் வேலையைத் தடைப்படுத்துவதுமுண்டு.

கிணற்று நீரும் குழாய் நீரும்

ஒரே முறையைக் கையாண்டும் ஒருவரின் தொட்டி மூன்று வாரத்தில் முடிய, மற்றொருவரின் தொட்டி இரண்டு மாதமாகியும் முடியாதிருப்பதற்குப் பெரும்பாலும் நீரே காரணம். எர்ணாகுளம் மாவட்டம் இதற்கு நல்ல சான்று. மட்டாஞ்சேரி கடலுக்கும் காயலுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலம். அங்குள்ள கிணற்று நீரில் உப்புச் சுவை ஏறுவது புதிதன்று. கிழக்கே செம்புரைக்கல் நிலத்துக் கிணறுகளின் நீரோ மென்மையானது, அதன் பி.எச். எண் பலவிடங்களில் 6.5-க்கும் கீழே நிற்கும். நகரக் குழாய்களில் வருவது பெரியாறு, மூவாற்றுப்புழை ஆறு ஆகியவற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த நீர்.

ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறும்போது, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 7.1 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகிறது, 4.6 மில்லிகிராம் பிராணவாயுவும் செலவாகிறது. லிட்டருக்கு 20 மில்லிகிராம் காரத்தன்மை மட்டுமே உள்ள கிணற்று நீரில், 1 மில்லிகிராம் வீதம் மூன்று முறை நவச்சாரம் இட்டதும் காரத்தன்மை முற்றிலும் தீர்ந்துவிடும். பி.எச். எண் சரிந்து, நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்திவிடும். தொட்டிக்காரர் மேலும் மேலும் காத்திருப்பார், பயனிராது. இதற்குரிய மருந்து வேம்பநாட்டுக் காயலிலேயே கிடைக்கிறது. கழுவி உலர்த்திய மட்டிச் சிப்பி ஓடுகளை ஒரு கைப்பிடி துணிப்பையில் இட்டு வடிகட்டியில் வைத்தால், அவை சிறிது சிறிதாகக் கரைந்து காரத்தன்மையை ஈடு செய்யும்.

இதில் மறைந்துள்ள ஓர் அபாயத்தைக் களப் பணியாளர் கட்டாயம் அறிந்திருத்தல் வேண்டும். அம்மோனியா நீரில் இரு வடிவங்களில் இருக்கும். அவற்றுள் அயனியாகாத வடிவமே கொடியது. 28 டிகிரி உஷ்ணநிலையில் பி.எச். 7 ஆனால் மொத்தத்தில் 0.7 சதவீதமே அவ்வடிவில் இருக்கும், பி.எச். 8 ஆனால் 6.5 சதவீதமாகும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் மொத்த அம்மோனியா, முதல் தொட்டியில் 0.007 மில்லிகிராம் நஞ்சாகவும், இரண்டாம் தொட்டியில் 0.065 மில்லிகிராம் நஞ்சாகவும் நிற்கிறது. 0.02 என்பது நெடுநாள் தாங்கத்தக்க எல்லையென்று பொதுவாகக் கொள்வர். அமில நீரில் அம்மோனியா சேர்ந்து கிடந்தும் நலமாயிருந்த மீன்கள், கார நீரை ஊற்றித் தொட்டியைச் 'சுத்தம்' செய்த அன்றே மடிவது இதனாற்றான். நல்லெண்ணத்தோடு செய்த நீர்மாற்றமே நஞ்சை விடுவித்துவிடுகிறது. ஆகவே பி.எச். எண்ணையும் அளந்தபின்னரே அம்மோனியா அளவுக்குப் பொருள் கொள்ளுதல் தகும்.

குழாய் நீரைப் பயன்படுத்துவோர் குளோரினை மறத்தலாகாது. குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டுமென்பது விதி. அது மனிதருக்குக் காப்பு; செவுளுக்கும் நுண்ணுயிருக்கும் கேடு. ஒரு நாள் முழுதும் காற்றோட்டி வைத்தோ, புகைப்படக்காரர் பயன்படுத்தும் ஹைப்போ உப்பைச் சிறிதளவு இட்டோ அதனை நீக்கலாம். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவுவோர், ஒரு மாதத்து வேலையை ஒரு நிமிடத்தில் அழித்துவிடுகின்றனர். தொட்டியிலிருந்து எடுத்த ஒரு வாளி நீரிலேயே அதனை அலசுதல் வேண்டும்.

உவர்நீரிலும் கடல்நீரிலும் இந்நுண்ணுயிர்கள் நிலைபெற இன்னும் அதிக காலமாகும். இறால் குஞ்சு பொரிப்பகங்களுக்கு இது பெருந்தடையாயிருந்தது. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2000-க்குப் பின் வந்த ஆண்டுகளில் இதற்கொரு வழி கண்டனர். தக்க நுண்ணுயிர்க் கூட்டத்தை முன்னரே பெருக்கி, பிளாஸ்டிக் மணிகளில் பற்றச் செய்து, அம்மணிகள் நிறைந்த கலத்தைக் குஞ்சுத் தொட்டியின் நீர்ச் சுழற்சியுடன் இணைத்தனர். காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறைந்தது. வீட்டுத் தொட்டிக்குப் பழைய பஞ்சு செய்யும் வேலையே இது. புட்டிகளில் விற்கப்படும் நுண்ணுயிர்த் திரவங்களைப் பொறுத்தவரை, உயிருள்ளவையும் உண்டு, வெறும் நீராய்ப் போனவையும் உண்டு. எதனை இட்டாலும் நவச்சாரச் சோதனையில் தேறிய பின்னரே நம்புதல் முறை.

மீன்களைச் சேர்க்கும் வகை

சோதனை தேறியபின் தொட்டி நீரில் பாதியை மாற்றி, மறுநாளே மீன்களை விடலாம். தாமதித்தால் உணவின்றி நுண்ணுயிர்கள் குன்றும். முதலில் ஐந்தாறு சிறு மீன்கள் போதும். ஜீப்ரா மீனோ, காயல்களில் வாழும் பள்ளத்தியோ இதற்கு ஏற்றவை. இரண்டாம், நான்காம், ஏழாம் நாட்களில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லையெனக் கண்டால் அடுத்த ஐந்தாறு மீன்களைச் சேர்க்கலாம். சிறிதேனும் தோன்றினால், தீனியைப் பாதியாக்கி, அது மறையும் வரை புதிய மீனை விடலாகாது. செங்கணியானை, பிராணவாயு நிறைந்த ஓட்டநீரில் கூட்டமாக வாழ்ந்து பழகியதாதலின், பல மாதம் நிலைத்து நின்ற தொட்டியில், அதுவும் நான்கடிக்குக் குறையாத நீளமுள்ளதில், கடைசியாக விடுவதே சரி.

சோதனைக்கு முன்பே மீன்களை விட்டுவிட்டோர்க்கும் வழியில்லாமலில்லை. தீனியைச் சுருக்கி, நாள்தோறும் அளந்து, தேவையானபோது கால் பங்கு நீரை மாற்றி வர வேண்டும். மாற்றும் நீரின் பி.எச். எண் தொட்டி நீரினதற்கு அருகிலிருக்க வேண்டும். நைட்ரைட் ஏறும் நாட்களில் 100 லிட்டருக்கு 15 கிராம் சமையலுப்பைக் கரைத்தால், உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட்டைச் செவுள் வழியே புகவிடாமல் பெரிதும் தடுக்கும்.

மழைக்காலத்தில் மின்சாரம் நின்றால் நீரோட்டமும் நிற்கும். மூடிய வடிகட்டியினுள் சில மணி நேரத்தில் பிராணவாயு தீர்ந்து நுண்ணுயிர்கள் நலிந்துவிடும். அப்போது பஞ்சை எடுத்துத் தொட்டி நீரிலேயே மிதக்க விடுவது நன்று. பள்ளித் தொட்டிகளில் ஏப்ரல், மே விடுமுறைக்கு மீன்களை ஆசிரியர் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்றால், வெறுந்தொட்டியின் நுண்ணுயிர்கள் இரண்டு மாதம் உணவின்றிக் கிடக்கும். வாரம் இரு முறை சிறிதளவு நவச்சாரம் இட ஆளிருந்தால் அவை நிலைக்கும். இல்லையேல் ஜூன் மாதத்தில் பள்ளி திறந்ததும் 0.38 கிராம் சோதனையை மாணவர்களைக் கொண்டே மீண்டும் நடத்தி, குறிப்பேட்டில் இரு வரிசைகளிலும் சூன்யம் விழுந்தபின் மீன்களைத் திருப்பி விடலாம்.